எந்தக் குளம் எந்தப் பிரிவு? வன்னிக் குளப் புள்ளிகளை எல்லை வாரியாகப் பிரிக்கும் முழு வழிகாட்டி

வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் கிளிநொச்சிக்குப் போகும் சுமார் 80 கிலோமீற்றருக்குள் மூன்று மாவட்டங்கள் வந்துவிடும். கனகராயன்குளம் வவுனியா, அதைத் தாண்டி வரும் மாங்குளம் முல்லைத்தீவு, அதற்கு வடக்கே கிளிநொச்சி. பஸ்ஸில் போகிறவருக்கு இது ஒரு பொருட்டில்லை. ஆனால் சின்னக் குளங்களின் விபரத்தைத் திரட்டி உரிய அலுவலகத்தில் கொடுக்க வேண்டும் என்று இறங்கினால் முதல் தலையிடியே இதுதான்: இந்தக் குளம் எந்த மாவட்டம், எந்தப் பிரதேச செயலாளர் பிரிவு?

நானும் நண்பர்கள் சிலரும் மூன்று வருடமாக மோட்டார் சைக்கிளில் போய்ச் சின்னக் குளங்களைப் பதிந்து வருகிறோம். கட்டு உடைந்திருக்கிறதா, துருசு (தண்ணீர் திறந்துவிடும் மதகு) வேலை செய்கிறதா, வான் பாயும் இடம் அரித்துவிட்டதா என்று பார்த்து, போனில் புள்ளி எடுத்து, ஒரு படமும் எடுத்துக்கொண்டு வருவோம். இப்போது 300 புள்ளிகளுக்கு மேல் இருக்கின்றன. முதல் தடவை ஊர்ப்பெயரை வைத்துக் கையாலேயே பிரித்து ஒரு அலுவலகத்தில் கொடுத்தேன். அங்கிருந்தவர் பட்டியலை வாசித்துவிட்டு நாலைந்து குளத்தில் பேனையால் கோடு போட்டு "இது எங்கட இல்லை தம்பி" என்றார். அவர் சொன்னது சரி. அன்றிலிருந்து பெயரை நம்புவதில்லை, எல்லைக் கோட்டை வைத்து மென்பொருளில்தான் பிரிக்கிறேன்.

பெயரை ஏன் நம்ப முடியாது என்றால், வன்னியில் புதுக்குளமும் பெரியகுளமும் மருதங்குளமும் ஒன்றா இரண்டா? ஒரே பெயர் மாவட்டத்துக்கு மாவட்டம் திரும்பத் திரும்ப வரும். போதாததற்கு மாந்தை கிழக்கு முல்லைத்தீவு மாவட்டத்தில் இருக்கிறது, மாந்தை மேற்கு மன்னார் மாவட்டத்தில் இருக்கிறது. "மாந்தை" என்று மட்டும் எழுதிவைத்தால் அது எந்த மாவட்டம் என்று பிறகு உங்களுக்கே தெரியாது. பழைய பட்டியல்களும் உதவாது. முல்லைத்தீவு 1978 இல் தனி மாவட்டமானது, கிளிநொச்சி 1984 இல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தது. அதற்கு முந்திய கடதாசிகளில் இன்றைய மாவட்டப் பெயரைத் தேடிப் பயனில்லை.

இதற்கு நான் பாவிப்பது கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள். இலவசம், வின்டோஸிலும் லினக்ஸிலும் மக்கிலும் ஓடும், ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். கீழே சொல்வதெல்லாம் மூன்றாம் பதிப்பு வரிசையில் நான் செய்யும் முறை.

புள்ளியை எங்கே எடுப்பது

மென்பொருளைத் திறக்க முன்னரே பாதிப் பிழை நடந்துவிடுகிறது. குளம் ஒரு புள்ளி இல்லை. மாரி மழையில் நிரம்பி நிற்கும்போது அதன் அலைகரை (தண்ணீர் வந்து முட்டும் விளிம்பு) ஒரு இடத்தில் இருக்கும், ஆவணியில் போய்ப் பார்த்தால் அரைக் கிலோமீற்றர் உள்ளே போயிருக்கும். நீர்ப்பரப்பின் நடுவில் புள்ளி வைத்தால் வருடத்துக்கு வருடம் அது மாறும், எல்லைக்குப் பக்கத்துக் குளமானால் மாவட்டமே மாறும். ஆகவே நாங்கள் ஒரு விதி வைத்திருக்கிறோம். புள்ளி எப்போதும் பிரதான துருசுக்கு நேரே, குளக்கட்டின் மேல் நின்று எடுக்க வேண்டும். துருசு இடம் மாறாது, எந்தக் கமக்காரரைக் கேட்டாலும் காட்டுவார், தண்ணீர் எந்தப் பக்க வயலுக்குப் போகிறது என்பதும் அங்கே நின்றால் தெரியும். துருசே இல்லாத கைவிடப்பட்ட குளமானால் கட்டின் நடுப்பகுதி. எதை எடுத்தீர்கள் என்று ஒரு சொல் எழுதிவையுங்கள்.

போனில் ஓஎஸ்எம்ஆண்ட் என்ற வரைபடச் செயலியைப் பாவிக்கிறோம். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிவைத்தால் சிக்னல் இல்லாத காட்டுக்குள்ளும் ஓடும், ஏனென்றால் ஜிபிஎஸ் வேலை செய்யக் கோபுரம் தேவையில்லை, வானம் தெரிந்தால் போதும். திறந்த வெளியில் நல்ல போன் 5 மீற்றர் அளவுக்குச் சரியாகக் காட்டும், மருத மரத்துக்குக் கீழே அது 20, 30 என்று போகும். துல்லிய எண் இறங்கும்வரை ஒரு நிமிடம் பொறுத்து நில்லுங்கள்.

இதை வடிவாக வாசியுங்கள்: ஒரு புள்ளிக்காகப் பழக்கப்பட்ட பாதையை விட்டு இறங்க வேண்டாம். மிதிவெடி அகற்றும் வேலை வன்னியில் வருடக்கணக்காக நடந்துகொண்டே இருக்கிறது. சிவப்புத் தடியோ மண்டையோட்டுப் பலகையோ கண்டால் திரும்பிவிடுங்கள், பலகை இல்லாவிட்டாலும் அந்த ஊர் ஆள் ஒருவர் கூட வராமல் பற்றைக்குள் போகாதீர்கள். தூரத்தில் நின்று "கட்டுக்கு மேற்கே 200 மீற்றரில் எடுத்தது" என்று எழுதிவிட்டு வந்த புள்ளிகள் எங்களிடம் நிறைய இருக்கின்றன. அவற்றைப் பிறகு செய்மதிப் படத்தைப் பார்த்து நகர்த்திக்கொண்டோம்.

எண்களைச் சுத்தம் செய்தல்

ஒரே பட்டியலில் மூன்று விதமாக ஆயங்கள் (அகலக்கோடு, நெடுங்கோடு எண்கள்) வந்து சேரும். ஒருவர் 9.39167 என்று தசமத்தில் தருவார், ஒருவர் 9 பாகை 23.5 கலை என்று தருவார், இன்னொருவர் பாகை, கலை, விகலை மூன்றையும் தருவார். கலையை 60 ஆல் வகுத்துப் பாகையோடு கூட்டினால் தசமப் பாகை வரும். 23.5 ஐ 60 ஆல் வகுத்தால் 0.39167, ஆக 9.39167. இதைச் செய்யாமல் 9.235 என்று அப்படியே தட்டியவர்களை அறிவேன். அந்த ஒரு பிழை புள்ளியை 17 கிலோமீற்றருக்கு மேல் தெற்கே தள்ளிவிடும். வன்னியில் 17 கிலோமீற்றர் என்பது இன்னொரு மாவட்டம்.

ஒரு சின்னச் சோதனை எப்போதும் செய்யுங்கள். வன்னியின் நான்கு மாவட்டங்களும் (வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார்) ஏறத்தாழ அகலக்கோடு 8.5 இலிருந்து 9.7 வரையும் நெடுங்கோடு 79.7 இலிருந்து 81 வரையும் அடங்கிவிடும். அட்டவணையில் இதற்கு வெளியே நிற்கும் எண் எதுவானாலும் பிழை. இரண்டு நிரலும் இடம் மாறிப்போனால் குளம் ஆர்க்டிக் கடலில் ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். அது உடனே கண்ணில் படும், திருத்தலாம். 17 கிலோமீற்றர் பிழைதான் கண்ணில் படாது.

தசமத்துக்குப் பின் 5 இலக்கம் வையுங்கள். நாலாவது இலக்கம் சுமார் 11 மீற்றர், ஐந்தாவது சுமார் 1 மீற்றர். எக்செல் சிலநேரம் இலக்கங்களை வெட்டிவிடும், கவனம். சேமிக்கும்போது சாதாரண சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) வேண்டாம், "சிஎஸ்வி யூடிஎஃப்-8" என்பதைத் தெரிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் குளத்தின் தமிழ்ப் பெயரெல்லாம் கேள்விக்குறியாக மாறிவிடும். நிரல்கள் இவ்வளவு போதும்: தொடர் இலக்கம், பெயர், அகலக்கோடு, நெடுங்கோடு, எங்கே நின்று எடுத்தது, திகதி, குறிப்பு. தொடர் இலக்கம் கட்டாயம். பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட குளத்துக்கு இருக்கும் என்று முதலே சொன்னேன், ஆகவே எந்த இடத்திலும் குளத்தை அடையாளம் காட்டப்போவது அந்த இலக்கம்தான்.

எல்லைக் கோப்பு

எல்லையை நீங்களே வரைய வேண்டாம், இணைய வரைபடத்தில் தெரியும் மங்கல் கோட்டைப் பார்த்துப் படி எடுக்கவும் வேண்டாம். ஐநாவின் மனிதாபிமானத் தரவுத் தளமான ஹெச்டிஎக்ஸில் இலங்கையின் நிர்வாக எல்லைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. படிநிலையாக இருக்கும்: மாகாணம், மாவட்டம், பிரதேச செயலாளர் பிரிவு, கிராம அலுவலர் பிரிவு. உங்களுக்குத் தேவை பிரதேச செயலாளர் பிரிவுக் கோப்பு. ஒவ்வொரு பிரிவுக்கும் அதன் மாவட்டப் பெயரும் அதே அட்டவணையில் இருப்பதால் இரண்டு வேலையும் ஒரே தடவையில் முடியும்.

ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்பு வடிவத்தில் இறக்கினால் ஒரே பெயரில் நாலைந்து கோப்புகள் வரும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள், ஒன்றைத் தவறவிட்டாலும் திறக்காது அல்லது கோணலாகத் திறக்கும். கோப்பின் திகதியை உங்கள் குறிப்புப் புத்தகத்தில் எழுதுங்கள். பிரிவுகள் காலத்துக்குக் காலம் மாறுகின்றன, அடுத்த வருடம் யாராவது கேட்டால் எந்தக் கோப்பை வைத்துப் பிரித்தோம் என்று சொல்ல முடிய வேண்டும்.

இங்கே நிறையப் பேர் விழும் குழி ஒன்று இருக்கிறது. தேர்தல் மாவட்டம் வேறு, நிர்வாக மாவட்டம் வேறு. வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்தது. கிளிநொச்சியோ யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் வருகிறது. "வன்னி" என்று தேடித் தேர்தல் எல்லைக் கோப்பை இறக்கிவிட்டால் கிளிநொச்சிக் குளம் ஒன்றுகூட உள்ளே விழாது, ஏன் என்று தெரியாமல் ஒரு பின்னேரம் முழுக்கத் தலையைச் சொறிவீர்கள்.

கோப்பைத் திறந்ததும் நான்கு மாவட்டங்களை மட்டும் வடிகட்டுங்கள். லேயர் (திறந்த கோப்பு திரையில் ஒரு படலமாகத் தெரிவது) பெயரில் வலது கிளிக் செய்து "ஃபில்டர்" என்பதில் மாவட்டப் பெயர்களைத் தெரிவு செய்யலாம். கிளிநொச்சிக்குக் கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி என்று 4. வவுனியாவுக்கு வவுனியா, வவுனியா வடக்கு, வவுனியா தெற்கு, வெங்கலச்செட்டிகுளம் என்று 4. மன்னாருக்கு மன்னார் நகரம், மாந்தை மேற்கு, மடு, நானாட்டான், முசலி என்று 5. முல்லைத்தீவுக்குக் கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், துணுக்காய், மாந்தை கிழக்கு, வெலிஓயா என்று 6. மொத்தம் 19 வர வேண்டும். குறைந்தால் கோப்பு பழையது, அல்லது வடிகட்டியில் ஆங்கில எழுத்துக்கூட்டு பிசகியிருக்கிறது. முல்லைத்தீவை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள். கரைதுறைப்பற்றோ ஆங்கிலக் கோப்புகளில் "மரிடைம்பற்று" என்றுதான் இருக்கும், தெரியாதவர் அப்படி ஒரு பிரிவே இல்லை என்று நினைத்துவிடுவார். மாவட்டங்களின் இலக்கக் குறியீட்டையும் நம்ப வேண்டாம், ஒவ்வொரு நிறுவனமும் வேறு வரிசையில் இலக்கம் கொடுத்திருக்கிறது. பெயரோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

புள்ளிகளை உள்ளே கொண்டுவருதல்

இது சுலபம். "லேயர்" மெனுவில் "அட் லேயர்", அதற்குள் "அட் டிலிமிட்டட் டெக்ஸ்ட் லேயர்". சிஎஸ்வியைக் காட்டுங்கள், எழுத்து முறை யூடிஎஃப்-8, எக்ஸ் நிரலுக்கு நெடுங்கோடு, வை நிரலுக்கு அகலக்கோடு, ஆயமுறைக்கு (எண்களை எந்த அடிப்படையில் வாசிப்பது என்பதற்கு) இபிஎஸ்ஜி 4326. பாகை, கலை, விகலையாகவே வைத்திருந்தால் "டிஎம்எஸ் கோர்டினேட்ஸ்" என்ற பெட்டியில் சரி போட்டால் மென்பொருளே மாற்றிக்கொள்ளும். போனிலிருந்து ஜிபிஎஸ் புள்ளிகளைச் சேமிக்கும் ஜிபிஎக்ஸ் கோப்பாக எடுத்தவர்கள் அதை அப்படியே திரைக்குள் இழுத்துப் போட்டு, கேட்கும்போது "வேபொயின்ட்ஸ்" என்பதை மட்டும் எடுத்தால் சரி.

ஆயமுறை: இங்கே கொஞ்சம் நின்று போங்கள்

ஜிபிஎஸ் தரும் எண்கள் டபிள்யூஜிஎஸ் 84 என்ற அடிப்படையில் இருக்கும், அதன் இலக்கம் 4326. இலங்கையின் நில அளவைப் படங்களுக்கு வேறு அடிப்படை. பழையவை கண்டவளை என்ற ஆயமுறையில், இலக்கம் 5234. பிந்தியவை 1999 இன் இலங்கைக் கட்டமைப்பில், இலக்கம் 5235. இரண்டும் பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் நீள்கோளம் என்ற மாதிரியை வைத்துக் கணித்தவை. (இந்தக் கண்டவளை வேறு, கிளிநொச்சியில் இருக்கும் கண்டாவளைப் பிரிவு வேறு. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் நானே ஒருமுறை குழம்பினேன்.) ஒன்றின் எண்ணை மற்றதென்று நினைத்துப் போட்டால் ஒன்றில் படம் கடலுக்குள் போய்விடும், அல்லது இன்னும் மோசமாக, 200 மீற்றர் அளவுக்கு மட்டும் விலகி நிற்கும். கடலுக்குள் போனால் கண்டுபிடிக்கலாம். 200 மீற்றர் விலகல் சரியாகத்தான் இருக்கிறது என்று நம்பவைத்துவிடும்.

ஆகவே இரண்டு கட்டளைகளின் வித்தியாசத்தை மனதில் பதியுங்கள். "செட் லேயர் சிஆர்எஸ்" (சிஆர்எஸ் என்றால் ஆயமுறை) என்பது கோப்பின் எண்களைத் தொடாது, "இந்த எண்களை இப்படி வாசி" என்று மட்டும் சொல்லும். "ரீப்ரொஜெக்ட் லேயர்" என்பது எண்களையே மாற்றிப் புதுக் கோப்பு தரும். கோப்பின் ஆயமுறை தெரியாமல் போயிருந்தால்தான் முதலாவது. தெரிந்த ஆயமுறையை இன்னொன்றுக்கு மாற்ற இரண்டாவது. அவசரத்தில் முதலாவதை வைத்து இரண்டாவதின் வேலையைச் செய்யப் பார்ப்பதுதான் நான் கண்ட பிழைகளிலேயே அதிகம் நடப்பது.

எங்கள் வழக்கம் எளியது. புள்ளி லேயர், எல்லை லேயர் இரண்டையும் "ரீப்ரொஜெக்ட் லேயர்" மூலம் மீற்றரில் அளக்கும் யூடிஎம் 44 வடக்கு ஆயமுறை, அதாவது 32644 க்கு மாற்றிவிடுவோம். பிரிப்பதற்கு இது கட்டாயமில்லை, ஆனால் பின்னால் மீற்றரில் தூரம் அளக்க வேண்டியிருக்கிறது, அப்போது பாகையில் இருந்தால் 0.0021 என்று ஒரு விளங்காத எண் வரும். மாற்றியபின் பின்னணியாக ஓபன்ஸ்ட்ரீட்மேப்பையோ செய்மதிப் படத்தையோ போட்டு, இரணைமடுவின் கட்டிலோ வவுனிக்குளத்தின் கட்டிலோ எடுத்த புள்ளி அந்தக் கட்டின் மேலேயே நிற்கிறதா என்று பாருங்கள். நன்றாகத் தெரிந்த இரண்டு மூன்று பெரிய குளத்தில் பொருந்தினால் மிச்சத்தையும் நம்பலாம்.

பிரித்தல்

முதலில் எல்லை லேயரை "ஃபிக்ஸ் ஜியோமெட்ரிஸ்" கருவிக்குள் ஒருதரம் விடுங்கள், கோடு தன்னைத்தானே வெட்டும் இடங்களைத் திருத்திவிடும். பிறகு "ப்ரொசஸிங் டூல்பொக்ஸ்" திறந்து "ஜொயின் அட்ரிபியூட்ஸ் பை லொக்கேஷன்" என்று தேடுங்கள். மேல் பெட்டியில் புள்ளி லேயர், ஒப்பிடும் பெட்டியில் எல்லை லேயர். மாறிப் போட்டால் குளத்துக்குப் பிரிவு சேராது, பிரிவுக்குக் குளம் சேரும், அது வேறு கணக்கு. உறவு "ஆர் விதின்". சேர்க்க வேண்டிய நிரல்களில் மாவட்டப் பெயர், பிரிவுப் பெயர் இரண்டை மட்டும் எடுங்கள், எல்லாவற்றையும் இழுத்தால் அட்டவணை அகலமாகிப் படிக்க முடியாது. தமிழ்ப் பெயர் நிரல் இருந்தால் அதையும் எடுங்கள். சேரும் வகை ஒன்றுக்கு ஒன்று.

சேராத பதிவுகளை நீக்கும் பெட்டியில் சரி போட வேண்டாம். அதைப் போட்டால் எல்லைக்குள் விழாத குளங்கள் சத்தமில்லாமல் பட்டியலிலிருந்து போய்விடும், 300 கொடுத்து 291 திரும்பி வந்ததை யாரும் கவனிக்க மாட்டார்கள். எப்போதும் உள்ளே போன எண்ணிக்கையும் வெளியே வந்த எண்ணிக்கையும் ஒன்றா என்று பாருங்கள்.

வரும் விடை தற்காலிக லேயர், மென்பொருளை மூடினால் அழிந்துவிடும். உடனே ஜியோபக்கேஜ் கோப்பாகச் சேமியுங்கள். ஷேப்ஃபைலில் வேண்டாம், அது நிரல் பெயரைப் பத்து எழுத்தோடு வெட்டிவிடும், தமிழையும் சிலநேரம் கெடுக்கும்.

இப்போது அட்டவணையைத் திறந்து பிரிவு நிரலில் வரிசைப்படுத்துங்கள். வெறுமையாக இருப்பவை மேலே வரும். எங்களுக்கு அப்படி வந்தவை இரண்டு வகை. ஒன்று, ஆய எண் பிழையானவை. மற்றது, சுண்டிக்குளம், நந்திக்கடல், கொக்கிளாய்ப் பக்கம் கரையோரமாக எடுத்தவை, எல்லைக் கோடு கரையைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வெட்டியிருப்பதால் புள்ளி தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. பிந்தியவற்றை மட்டும் தெரிவு செய்து "ஜொயின் அட்ரிபியூட்ஸ் பை நியரெஸ்ட்" கருவியால் கிட்டிய பிரிவைச் சேர்க்கலாம். ஆக உயர்ந்த தூரத்தை 500 மீற்றர் என்று கட்டுப்படுத்துங்கள், இல்லாவிட்டால் ஆர்க்டிக்கில் நிற்கும் புள்ளிக்கும் ஏதோ ஒரு பிரிவைக் கொடுத்துவிடும்.

எல்லையோரக் குளங்கள்

இந்தப் பகுதிக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். மென்பொருள் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பெயரைத் தந்துவிடும், எல்லையிலிருந்து 3 மீற்றரில் நிற்கும் புள்ளிக்கும் அதே உறுதியோடு தரும். உங்கள் போனின் பிழையே 5 மீற்றர், மரத்தடியில் 30. எல்லைக் கோடும் தரையில் இருக்கும் எல்லையோடு மீற்றருக்கு மீற்றர் பொருந்தும் என்று எடுக்க முடியாது. ஆக அந்தப் பெயருக்கு அவ்விடத்தில் பெறுமதி இல்லை.

ஒவ்வொரு குளமும் எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்துவிடுவோம். எல்லை லேயரை "பொலிகன்ஸ் டு லைன்ஸ்" மூலம் கோடாக மாற்றுங்கள். பின் அதே "நியரெஸ்ட்" கருவியில் மேலே புள்ளி, கீழே இந்தக் கோடு. தூரம் ஒரு நிரலாக வந்து சேரும், 32644 இல் இருப்பதால் மீற்றரில் வரும். ஒரு புள்ளிக்கு இரண்டு வரி வந்தால் பயப்படாதீர்கள், இரண்டு பிரிவின் கோடும் ஒரே இடத்தால் போவதால் வருவது, தொடர் இலக்கத்தை வைத்து ஒன்றை நீக்கிவிடுங்கள். 250 மீற்றருக்குள் நிற்பவற்றை எல்லாம் தனியாக எடுத்து "உறுதி" என்று ஒரு நிரல் போட்டு அதில் "பார்க்க வேண்டும்" என்று எழுதுகிறேன். 250 என்பது நான் வைத்துக்கொண்ட அளவு. சின்னக் குளமொன்றின் கட்டு நீளத்தையும் போனின் பிழையையும் சேர்த்துப் பார்த்து வைத்தது, உங்கள் இடத்துக்கு ஏற்றபடி மாற்றுங்கள்.

இப்படி எடுத்தவற்றைச் செய்மதிப் படத்தின் மேல் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை. எங்கள் பட்டியலில் ஒரு குளத்தின் கட்டும் துருசும் ஒரு மாவட்டத்தில், அலைகரை முழுக்க மற்ற மாவட்டத்தில். தண்ணீர் நிற்கும் நிலம் அவர்களுடையது, தண்ணீர் பாயும் வயல் இவர்களுடையது. மென்பொருள் துருசுப் புள்ளியைப் பார்த்து ஒரு மாவட்டத்தைச் சொன்னது. நாங்கள் நேரே போய் அந்தக் கமக்கார அமைப்பின் தலைவரிடம் கேட்டோம்: கூட்டம் எந்தக் கமநல சேவை நிலையத்தில் நடக்கிறது, துருசைத் திறக்கும் திகதியை யார் முடிவு செய்கிறார்கள், கட்டு உடைந்தால் யாருக்கு அறிவிப்பீர்கள்? மூன்றுக்கும் ஒரே விடை வந்தது, அந்தப் பிரிவையே எழுதினோம். குறிப்பில் அலைகரை மற்ற மாவட்டத்தில் என்பதையும் சேர்த்தோம், ஏனென்றால் அந்தப் பக்கத்தில் யாராவது காடு வெட்டினால் பாதிக்கப்படப்போவது இந்தக் குளம்தான்.

கிராம அலுவலரிடமும் கேளுங்கள். தன் பிரிவின் எல்லை எந்த ஒழுங்கையால், எந்த வாய்க்காலால் போகிறது என்று அவருக்கு நடந்தே தெரியும். அவர் சொன்னதும் கோப்பு சொன்னதும் முரண்பட்டால் இரண்டையும் எழுதிவையுங்கள், ஒன்றை அழிக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய குளங்களுக்கு "எந்தப் பிரிவு" என்ற கேள்வியே அரைகுறையானது. கட்டுக்கரைக் குளத்தின் தண்ணீர் மாந்தை மேற்கிலும் பாய்கிறது, நானாட்டானிலும் பாய்கிறது. கனகராயன் ஆறு வவுனியாப் பக்கமிருந்து வந்து இரணைமடுவை நிரப்பி, மிஞ்சியது சுண்டிக்குளக் கடல்நீரேரிக்குப் போகிறது. இவற்றுக்குக் கட்டு இருக்கும் இடத்தை மட்டும் போட்டுவிட்டு, பாசனப் பரப்பைத் தனி லேயராக வைத்திருங்கள். அதோடு பொறுப்பும் வேறு. பாசனப் பரப்பு 80 ஹெக்டேயருக்கு உட்பட்ட சின்னக் குளங்களைக் கமநல அபிவிருத்தித் திணைக்களம் பார்க்கிறது, அதற்கு மேற்பட்டவை நீர்ப்பாசனத்தின் கீழ் வரும். "பொறுப்பு" என்று இன்னொரு நிரல் போட்டுக்கொண்டால் பட்டியலை யாரிடம் கொண்டுபோவது என்பது தானே தெரியும்.

ஜியோகாஷ் தேடுபவர்களுக்கு

ஜிபிஎஸ் வைத்து ஒளித்த பெட்டியைத் தேடும் ஜியோகாஷிங் 2000 மே மாதம் அமெரிக்காவின் ஓரிகனில் தொடங்கியது. ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை அந்நாட்டு அரசு எடுத்துவிட்ட அடுத்த நாளே முதல் பெட்டி வைக்கப்பட்டது. அங்குள்ள பெட்டி தேடுபவர்களும் இதே வேலையைக் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) எல்லை வைத்துச் செய்கிறார்கள். நீங்கள் இங்கே மாவட்ட வாரியாகப் பிரிக்க நினைத்தால் மேலே சொன்ன முறை அப்படியே பொருந்தும், பெட்டிகளின் ஜிபிஎக்ஸை இழுத்துப் போட்டு அதே கருவியை ஓட்டுங்கள். ஜிஎஸ்ஏகே என்ற மென்பொருளும் இதைச் செய்யும். ஒரு வித்தியாசம் கவனியுங்கள். புதிர் வகைப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் காட்டும் ஆயம் உண்மையான இடம் இல்லை, பெட்டி அதிலிருந்து 3 கிலோமீற்றர் வரை தள்ளி இருக்கலாம். விடையைக் கண்டுபிடித்துத் திருத்திய ஆயத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். அப்புறம், குளக்கட்டில் பெட்டி ஒளிக்க வேண்டாம். மண்ணைத் தோண்டிப் புதைப்பது அந்த விளையாட்டின் விதிப்படியே கூடாது, கட்டில் ஒரு சின்னக் குழி மாரியில் பெரிய உடைப்பாக மாறும்.

பட்டியலை வெளியே எடுத்தல்

சரி, இப்போது எல்லாப் புள்ளிக்கும் மாவட்டம், பிரிவு, எல்லையிலிருந்து தூரம், உறுதி எல்லாம் இருக்கின்றன. "சிம்பொலொஜி"யில் "கட்டகரைஸ்ட்" தெரிவு செய்து பிரிவு நிரலைக் கொடுத்தால் ஒவ்வொரு பிரிவும் ஒவ்வொரு நிறத்தில் தெரியும். மாந்தை கிழக்கின் நிறம் மன்னார்ப் பக்கம் ஒன்றிரண்டு இடத்தில் தனியாக நின்றால் அங்கே ஏதோ பிழை, பெரிதாக்கிப் பாருங்கள். "ஸ்ப்ளிட் வெக்டர் லேயர்" கருவியில் பிரிவு நிரலைக் கொடுத்தால் பிரிவுக்கு ஒன்றாகத் தனித்தனிக் கோப்புகள் வந்துவிடும். போனுக்குத் திருப்பி அனுப்ப ஜிபிஎக்ஸாக ஏற்றுமதி செய்யுங்கள், ஆனால் அதற்கு மட்டும் ஆயமுறையை மறுபடி 4326 க்கு மாற்ற வேண்டும்.

அலுவலகத்தில் கொடுப்பதற்கு நாங்கள் ஒவ்வொரு பிரிவுக்கும் ஏ4 தாளில் ஒரு படமும் ஒரு அட்டவணையும் அச்சடிக்கிறோம். அட்டவணையில் கிராம அலுவலர் பிரிவு வாரியாக வரிசை, தொடர் இலக்கம், ஊரார் சொல்லும் பெயர், கட்டின் நிலை, துருசின் நிலை. எல்லையோரக் குளங்களை இரண்டு பிரிவின் தாளிலும் போட்டு நட்சத்திரக் குறி வைக்கிறோம், கீழே "மற்றப் பிரிவின் தாளிலும் உள்ளது" என்று எழுதி அந்தப் பிரிவின் பெயரையும் சேர்க்கிறோம். போன புரட்டாதியில் கொண்டுபோன தாளைப் பார்த்த அலுவலர் நட்சத்திரம் போட்ட ஒரு குளத்தைக் காட்டி, இது எங்களுக்கு வராது, ஆனால் பக்கத்துப் பிரிவில் யாரிடம் கொடுக்க வேண்டும் என்று தெரியும் என்று சொல்லி, அந்தத் தாளில் ஒரு பிரதியைத் தன் மேசையிலேயே எடுத்து வைத்துக்கொண்டார்.